ஸ்விஃப்ட் டீசல் டைமிங் செயின்: சத்தத்தை மட்டும் நம்பித் திறக்கலாமா?

கரூர் வாசகரின் கேள்வி, 1 ஜூலை 2023

2012 டிசையர் டீசல். 1,60,000 கி.மீ. தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று வினாடி கடகடவென்று சத்தம், அப்புறம் அடங்கிவிடுகிறது. இங்கே மெக்கானிக் டைமிங் செயின் போய்விட்டது என்கிறார். பெல்ட்தான் மாற்ற வேண்டும், செயின் என்றால் வண்டி ஆயுள் முழுக்க வரும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஓரளவு டூல்ஸ் இருக்கிறது. பிரேக் பேட், ஆல்டர்னேட்டர் எல்லாம் நானே மாற்றுவேன். இதையும் வீட்டில் செய்யலாமா?

1 ஜூலை 2023, இரவு

செய்யலாம். என் 2011 ஸ்விஃப்டுக்கு வீட்டுப் போர்டிகோவில் வைத்துத்தான் மாற்றினேன். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்து அது செயின்தான் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். காதால் கேட்டதை வைத்து, செயினை மூடியிருக்கும் முன் கவரைத் திறக்காதீர்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

"ஆயுள் முழுக்க" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், அம்பாசடர் காலத்து இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருந்தது. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டிலிருந்து கேமுக்கு ஒரு சாண் செயின். இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் அதுதான் டைமிங் செயின். அதற்கு வேலையும் குறைவு. உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட். கேம் இரண்டும் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு மேலே இருக்கின்றன. கிராங்கிலிருந்து அவ்வளவு உயரம் ஒற்றை வரிசைச் செயின் ஓடுகிறது, அதைப் பிடிக்க பிளாஸ்டிக் கைடு, விறைப்பாக வைக்க ஆயில் பிரஷரில் இயங்கும் டென்ஷனர். அம்பாசடருக்குப் பொருந்திய கணக்கை இதற்குப் போடக்கூடாது.

மாருதி 2007இல் ஸ்விஃப்டில் போட ஆரம்பித்து பிஎஸ்6 புகை விதி வரும்வரை விற்றது இந்த இன்ஜினைத்தான். டாடா விஸ்டா (குவாட்ராஜெட்), மான்ஸா, ஃபியட் புன்டோ, லீனியா ஆகியவற்றின் டீசலிலும் இதுவேதான். அதனால் இங்கே எழுதுவது அந்த வண்டிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

2 ஜூலை 2023

காலையில் யோசித்ததில் சொல்ல விட்டது நினைவுக்கு வந்தது. முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு மொத்தமே ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில்தான். டர்போ வழியாகக் கொஞ்சம் குடித்து அரை லிட்டர் குறைந்தாலே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். டென்ஷனருக்கு ஆயில் தாமதமாகப் போனால் நல்ல செயினும் காலையில் சத்தம் போடும்.

குறைவாக இருந்தால் நிரப்பிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம்.

2 ஜூலை 2023, மாலை

ஆயில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தார் மாதிரி கறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். டீசலில் புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டினாலே கறுத்துவிடும். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசியாக எத்தனை கிலோமீட்டருக்கு முன் மாற்றினீர்கள், முன்பு வைத்திருந்தவர் எப்படி மாற்றினார் என்பதுதான் கேள்வி.

4 ஜூலை 2023

பழைய ஓனர் டிராவல்ஸ் வண்டியாக ஓட்டியவர் என்றால் கதை வேறு. ஏசி போட்டு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மணிக்கணக்காக ஐடிலில் நிற்கிற நேரம் எதுவும் ஓடோமீட்டரில் ஏறாது. ஐடிலில் ஆயில் பிரஷர் குறைவு, புகைக்கரி சேர்வது மட்டும் நிற்காது. 1,60,000 கி.மீ. என்று மீட்டர் காட்டினாலும் அந்த செயின் சுற்றிய சுற்று அதைவிட நிறைய இருக்கும்.

செயின் எப்படிக் கெடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். இரும்புத் தகடு இழுபட்டு நீளுவதில்லை. சைக்கிள் செயின் பழசானால் பல்சக்கரத்திலிருந்து தூக்கிக்கொண்டு நிற்குமே, அதே விஷயம்தான். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அது சுழலும் துளை. ஆயிலில் கலந்த கரித்தூள் நைசான சாணைப்பொடியாக வேலை செய்து இரண்டையும் தேய்க்கிறது. ஒரு கண்ணியில் 0.02 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணி சேர்ந்தால் 2 மி.மீ. அதனால் கேம் பின்தங்கிச் சுற்றும். டென்ஷனர் கையை நீட்டி நீட்டி அந்தத் தளர்வை விழுங்கும். அதன் நீளம் முடிகிற இடத்தில்தான் சத்தம் ஆரம்பம்.

அதாவது சத்தம் வருவதற்குள் தேய்மானம் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். சத்தம் இல்லாததால் செயின் நல்லது என்றும் சொல்ல முடியாது.

8 ஜூலை 2023

சரி, சோதனைக்கு வருவோம். எந்த வரிசையில் செய்வேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

இன்ஜின் ஓடும்போது கிளட்சை மிதியுங்கள். சத்தம் மாறினால் கியர்பாக்ஸ் பக்கம் பேரிங்கைப் பாருங்கள், செயினை விட்டுவிடுங்கள். மாறவில்லையென்றால் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோடு வைத்து, முனையை டிரைவர் பக்கம் முன் கவரின் மேல் வையுங்கள். சட்டைக் கை, துண்டு, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. இன்ஜெக்டர் தட்டல் டிக் டிக் என்று சீராக வரும், ஹெட்டின் நடுவில் அதிகம். செயின் என்றால் சரசரவென்று உரசலும் அடியும் கலந்து வரும். ஆக்ஸிலேட்டரை 1,500 ஆர்பிஎம் வரை தூக்கினால் பிரஷர் ஏறி அடங்கும், காலை எடுத்ததும் ஒரு கணம் திரும்ப வரும்.

அடுத்தது பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வது. ஆல்டர்னேட்டர் பேரிங், பெல்ட் டென்ஷனர் உருளை, ஏசி கம்ப்ரசர் எல்லாம் அதோடு நின்றுவிடும். கவனம், இதில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. குளிர்ந்த இன்ஜினில் அரை நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிட வேண்டும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் மாட்டிப் பாருங்கள். பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். குறியீடு வரவில்லை என்பதால் செயின் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டினால்தான் அது வரும்.

8 ஜூலை 2023, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதெல்லாம் சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்வது லாக் பின். அதை முதலிலேயே எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், பரவாயில்லை.

இந்த இன்ஜினில் கேம்களை ஒரு குறிப்பிட்ட நிலையில் பூட்டுவதற்குத் தனி பின்கள் உண்டு. கிராங்குக்கும் தனி லாக் உண்டு. கவரைத் திறக்காமலே இதை வைத்துச் சோதிக்கலாம். கிராங்க் புல்லி போல்ட்டில் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, கிராங்கை லாக் நிலைக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பக் கூடாது, இன்னும் இரண்டு சுற்று முன்னால் சுற்றித்தான் வர வேண்டும். பின்னால் திருப்பினால் தளர்வு வேறு பக்கம் போய் அளவு பொய்யாகிவிடும். நன்கு தேய்ந்த செயின் என்றால் பல் தாண்டும் ஆபத்தும் இருக்கிறது.

கிராங்க் லாக் ஆன நிலையில் கேம் பின் தானாக இறங்க வேண்டும். துளை ஓரத்தில் முட்டி நின்றால், கேம் பின்தங்கியிருக்கிறது. செயின் தேய்ந்துவிட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

டீசல் கம்ப்ரஷனில் கையால் சுற்றுவது கனமாக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் முட்டி நின்று புஸ்ஸென்று இறங்கும். அவசரப்படாமல் சுற்றினால் போதும். ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றினால் எளிது என்பார்கள். பத்து வருடம் ஹெட்டில் இறுகிய க்ளோ பிளக் உடைந்தால் செயினைவிடப் பெரிய தலைவலி. நான் தொடவே இல்லை.

11 ஜூலை 2023

லாக் பின் எங்கே கிடைக்கும் என்று ஈரோட்டு நண்பர் கேட்கிறார். செட்டாக ஆன்லைனில் வருகிறது. நான் வாங்கியது அப்படித்தான், ஆனால் ஒரு பின்னின் முனை கொஞ்சம் பெருத்திருந்தது. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து முனையைச் சரிசெய்து வாங்கினேன். அங்கிருந்த பெரியவர் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பூட்டா அளவுகோலாங்க?" என்று கேட்டார். அளவுகோல் என்றேன். அப்படியானால் வேறு விதமாகக் கடையணும் என்று சொல்லி இழைத்துக் கொடுத்தார். கோயம்புத்தூரில் இருப்பதன் அருமை இந்த மாதிரி நேரத்தில்தான் தெரிகிறது.

அவர் கேட்டது முக்கியமான கேள்வி. இந்தப் பின் நிலையைக் காட்டுவதற்கு. கேமின் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் போல்ட்டைக் கழற்றும்போது அந்த விசை முழுவதையும் பின் தாங்கட்டும் என்று விட்டால் பின் வளையும், இல்லையென்றால் கேம் ஹவுசிங் விரிசல் விடும். ஸ்பிராக்கெட்டைத் தனியாகப் பிடிக்க ஒரு பிடி வேண்டும்.

15 ஜூலை 2023

கரூர் நண்பரின் செய்தி வந்தது. பெல்ட்டைக் கழற்றியதும் பாதிச் சத்தம் போய்விட்டதாம். பெல்ட் டென்ஷனர் உருளை கையால் சுற்றினாலே கரகரத்ததாம். மீதிச் சத்தம் முன் கவரிலேயே. என் பின்களைக் கூரியரில் அனுப்பியிருந்தேன். கேம் பின் துளைக்குள் பாதிகூட இறங்கவில்லை, போட்டோவில் துளையின் ஓரம் பிறை மாதிரி தெரிகிறது.

ஆக, மெக்கானிக் சொன்னது சரி. செயின்தான். ஆனால் உருளையையும் பார்க்காமல் செயினை மட்டும் மாற்றியிருந்தால், வேலை முடிந்த மறுநாளும் பாதிச் சத்தம் அப்படியே இருந்திருக்கும். இவ்வளவு செலவு செய்தும் போகவில்லையே என்று மறுபடி எல்லாவற்றையும் பிரித்திருப்பார்கள்.

இந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். இது வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து போகிற இன்ஜின். செயின் பல் தாண்டினால் இரண்டும் சந்திக்கும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ராக்கர் ஆர்ம் உடைந்து வால்வு தப்பிப்பதும் உண்டு, வால்வு வளைந்து ஹெட்டையே இறக்குவதும் உண்டு. எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. செயின் கிட் சில ஆயிரம் ரூபாய். ஹெட் வேலை அதைப்போலப் பல மடங்கு.

16 ஜூலை 2023

பிரிக்கும் வேலையைப் பற்றி. பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது.

டிரைவர் பக்கச் சக்கரம், உள் மட்கார்டு, பேன் பெல்ட் எடுத்த பின் ஆயிலை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சேம்பரை இறக்க வேண்டும். பலர் எரிச்சல்படுவது இங்கேதான். முன் கவரின் அடிப்பகுதி சேம்பரோடு சீலன்டால் ஒட்டியிருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கவரை மட்டும் நெம்பி எடுக்க முடியாது. ஒருவிதத்தில் அது நல்லதுதான். சேம்பரை இறக்கினால்தான் ஆயில் ஸ்டிரெய்னரைப் பார்க்க முடியும். என் வண்டியில் அந்தச் சல்லடையில் பழுப்பு நிறத்தில் நகக்கீற்று அளவு பிளாஸ்டிக் சில்லுகள் சிக்கியிருந்தன. கைடிலிருந்து உதிர்ந்தவை. புது செயின் போட்டு அவற்றை அங்கேயே விட்டிருந்தால், ஆயில் பம்ப் மூச்சுத் திணறிப் புது செயினும் சீக்கிரம் போயிருக்கும்.

அந்தப் பக்கம் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கைக் கழற்றும் முன் இன்ஜினுக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். ஸ்விஃப்ட், டிசையரில் ஸ்டியரிங் எலக்ட்ரிக் என்பதால் பவர் ஸ்டியரிங் பம்ப் தொல்லை இல்லை.

கிராங்க் புல்லி போல்ட் முரண்டு பிடிக்கும். மரை எந்தப் பக்கம் என்று வொர்க்‌ஷாப் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரில் பைப்பைப் போட வேண்டும். ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் வழக்கம் இங்கே உண்டு. வேண்டாம். அந்த ஸ்பேனர் நழுவிச் சுழன்றால் கால் எலும்பு போகும், கிராங்க் எந்த நிலையில் நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை.

17 ஜூலை 2023

இன்று ஆடி ஒன்று. கரூரில் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். கவரைத் திறந்த பிறகு வேலையை நிறுத்தினால் இன்ஜின் மேல் சுத்தமான பருத்தித் துணி போர்த்தி, அதன்மேல் தார்ப்பாய் கட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடி மண் உள்ளே போனால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை.

அம்மாவும் மனைவியும் வெளியே போக வண்டி எப்போது தயாராகும் என்று கேட்பார்கள். ஆடி முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆடியில் யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள், அதனால் சண்டை வராது.

22 ஜூலை 2023

பிரித்துவிட்டார்! அனுப்பிய படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய செயினையும் புது செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார், அடியில் நல்ல வித்தியாசம். படுக்கவைத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் புதுசு நிமிர்ந்து நிற்கிறது, பழசு பக்கவாட்டில் தொய்கிறது. கைடில் செயின் தகடுகள் ஓடிய தடம் இரண்டு வாய்க்காலாக ஆழமாக விழுந்திருக்கிறது. டென்ஷனர் கம்பி கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வந்து நிற்கிறது.

கிராங்க் ஸ்பிராக்கெட்டைப் பாருங்கள் என்று அவரே வட்டமிட்டு அனுப்பியிருந்தார். பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகத் தொடங்கிவிட்டன. பல் நன்றாக இருந்தால் ஸ்பிராக்கெட்டை அப்படியே விடலாம் என்பது இதுவரை என் கருத்தாக இருந்தது, நேரில் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லியும் வந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். தேய்ந்த பல்லில் புது செயினைப் போட்டால் புது செயின் அந்தத் தேய்மானத்துக்கு ஏற்பத் தேயும். செயின், இரண்டு கைடு, டென்ஷனர், ஸ்பிராக்கெட், கிராங்க் ஆயில் சீல், எல்லாம் சேர்ந்துதான் ஒரு வேலை.

23 ஜூலை 2023

கிட் எங்கே வாங்கினார் என்று கேட்பவர்களுக்கு: சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து பார்சல். ஒரிஜினல் போலவே பெட்டி அச்சடித்து விற்கிறார்கள், எனவே பெட்டியைப் பார்க்காமல் செயினைப் பாருங்கள். பின் தலைகள் ஒரே சீராக அடிக்கப்பட்டிருக்கின்றனவா, ஒவ்வொரு கண்ணியும் இறுக்கமில்லாமல் மடங்குகிறதா, கைடின் ஓரத்தில் அச்சுப் பிசிறு நிற்கிறதா? புதுப்பேட்டையில் பழைய இன்ஜினிலிருந்து கழற்றிய டென்ஷனர் கிடைக்கும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம், டென்ஷனரை வாங்காதீர்கள்.

23 ஜூலை 2023, மாலை

பூட்டும்போது இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதம்.

பழைய செயினிலும் ஸ்பிராக்கெட்டிலும் பெயின்ட் குறி போட்டு, அதைப் பார்த்துப் புதுசைப் போடுவது சிலரின் முறை. பழைய செயின் ஏற்கெனவே பின்தங்கிய நிலையில் இருந்தது, அந்தத் தவறான நிலைக்குத்தான் குறி போட்டிருக்கிறோம். பின்னை நம்புங்கள், பெயின்ட்டை நம்பாதீர்கள்.

இரண்டாவது, எல்லாம் மாட்டி, போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் இறுக்க அளவுக்கு (டார்க்) இறுக்கி, டென்ஷனரின் பூட்டுக் கம்பியை உருவிய பிறகு, எல்லா லாக்கையும் எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. பின்கள் மறுபடி விரலால் தள்ளினாலே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மறுபடி கழற்ற வேண்டியதுதான். நடுவில் எங்காவது கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்காதீர்கள். கம்ப்ரஷன் மெத்தென்று எதிர்த்துப் பிறகு வழிவிடும், உலோகம் வழிவிடாது.

26 ஜூலை 2023

சீலன்ட் பற்றி ஒருவர் கேட்டார். அனாபாண்ட் ஆர்டிவி சிலிக்கான் மாதிரி ஒன்று போதும். பழைய சீலன்டை அலுமினியத்தில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மெல்லிய கோடாக விடுங்கள். அதிகம் போட்டால் லீக் ஆகாது என்ற எண்ணத்தில் பிதுங்கப் பிதுங்கப் போடுவார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது உதிர்ந்து அந்தச் சல்லடைக்குத்தான் போகும். ஒரு இரவு காயவிட்டு மறுநாள் ஆயில் ஊற்றுங்கள்.

ஆயில் பம்ப் முன் கவரிலேயே இருக்கிறது. கழற்றி வைத்ததில் உலர்ந்திருக்கும். மாட்டுவதற்கு முன் உள்ளே ஆயில் விட்டுக் கையால் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு கனெக்டரை மாட்டலாம். ஸ்கேனரில் அதற்கான பிழைக் குறியீடு நிற்கும், அழித்துவிடுங்கள்.

30 ஜூலை 2023

கரூரில் வண்டி ஓடுகிறது. காலை ஸ்டார்ட் வீடியோவை ஹெட்போன் போட்டுக் கேட்டேன். டீசலின் வழக்கமான தட்டலைத் தவிர ஒன்றுமில்லை. ரொம்பச் சந்தோஷம்.

19 ஆகஸ்ட் 2023

திருப்பூரிலிருந்து ஒருவர்: சத்தம் வந்தால் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் அடங்கிவிடுகிறதே, எதற்கு இவ்வளவு பாடு?

சூடான இன்ஜினில் அடங்கும், உண்மைதான். கெட்டி ஆயில் டென்ஷனரைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் பிடிக்கும். ஆனால் காலை ஸ்டார்ட்டில் அது டென்ஷனருக்குப் போய்ச் சேரவே நேரமாகும், செயின் ஆடுகிற வினாடிகள் கூடும். டர்போ பேரிங்குக்கும் அதே பிரச்சினை. தேய்ந்த செயின் தேய்ந்தபடியே இருக்க, எச்சரிக்கை மட்டும் காதுக்கு எட்டாமல் போகும். விற்கப்போகிற வண்டிக்குச் சிலர் இதைச் செய்கிறார்கள், வாங்குகிறவர் குடும்பத்தோடு பைபாஸில் போவார் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

5டபிள்யூ-30 ஆயில், 10,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுவது என்பது கம்பெனி கணக்கு. ஊருக்குள் ஓடுகிற, ஐடிலில் நிற்கிற வண்டிக்கு நான் 7,000இலேயே மாற்றிவிடுவேன். 3 லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், அரை மணி நேரம். செயினுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

20 ஆகஸ்ட் 2023

செயின் மாற்றியவர்கள் முதல் ஆயிலை மட்டும் 1,000 கி.மீ.யிலேயே வடித்துவிடுங்கள். ஃபில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது, தூள் உள்ளே விழுந்து குழப்பும். பழைய ஃபில்டரின் காகிதத்தை எடுத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து விரித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். மினுக்கும் தூள் அதிகம் இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். கரூர் நண்பர் லாக் பின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார், அடுத்து ஈரோட்டுக்குப் போகிறது. அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமோ கேளுங்கள், கூரியர் செலவு மட்டும் உங்களுடையது.